வாக்களிக்கக் கற்றுத் தந்ததற்கு விளக்கக் கடிதமா?

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கடந்த வாரம் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அந்தக் காணொலி எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டில் முத்திரை குத்தி அட்டைப்பெட்டியில் போட்டார்கள். போட்டியிட்டவர்கள் குடிநீர்த் தொட்டியைப் பற்றியும் கழிப்பறைக் கதவைப் பற்றியும் பேசினார்கள். அதைப் "பள்ளிக்கூடத்தில் அரசியல்" என்று தலைப்பிட்டுப் பரப்பியவர்களிடமும், மறுநாளே தேர்தலை ரத்துசெய்து ஆசிரியையிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கிய நிர்வாகத்திடமும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு வாக்களிப்பதை வேறு யார், எப்போது, எங்கே கற்றுத் தரப்போகிறீர்கள்?

சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பாடத்திட்டத்தை நான் அறிவேன். தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள் பற்றிய பாடம் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கையோடு சமூக அறிவியல் புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, அதன் பிறகு கல்லூரி முடியும்வரைகூட அரசியலமைப்பைப் பற்றி ஒரு வரியும் கண்ணில் படாமல் போகலாம். 1988இல் நிறைவேறிய 61ஆவது சட்டத்திருத்தத்தின் வழியாக வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தோம். ஆனால் குடிமையியலைப் பதினைந்து வயதோடு நிறுத்திவிட்டோம். இடையில் வரும் அந்த மூன்று ஆண்டுகளைத்தான் இந்த ஆசிரியை நிரப்பப் பார்த்தார். அதற்குத்தான் கடிதம் வாங்கினார்கள்.

2019 மக்களவைத் தேர்தலில் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். பிற்பகலில் ஒரு பெண் வந்தாள், முதல் வாக்கு. கையெழுத்துப் போட்டு, மை வைத்துக்கொண்டு, மறைப்புக்குப் பக்கத்தில் போனவள் திரும்பி என் மேசைக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "சார், அந்தச் சீட்டு வெளியே வருமா? அப்பா கேட்பாங்க" என்றாள். அப்பா வாக்களித்துவிட்டு வாசலில் நின்றிருந்தார். யாருக்கு வாக்களித்தோம் என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு ஏழு நொடிகள் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும், அதை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது, அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்கும் தெரியாது என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள். மாநிலங்களவையில் எத்தனை உறுப்பினர்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளுடைய வாக்கு இரகசியமானது என்பதை மட்டும் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆவது பிரிவின்படி, யாருக்கு வாக்களித்தாய் என்று நீதிமன்றத்தில்கூட ஒரு சாட்சியைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. நீதிபதிக்கு இல்லாத அதிகாரத்தை நம் வீட்டு அப்பாக்கள் கையில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளும் அதை நம்பிவிடுகிறார்கள். பள்ளியில் ஒரு முறை மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்று சீட்டு மடித்துப் போட்டிருந்தால், அந்தப் பெண் பயத்தோடு என்னிடம் வந்திருக்க மாட்டாள்.

விளையாட்டுத் தேர்தல் எதற்கு, பாடத்தை நடத்தினால் போதாதா என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் வாக்குப்பதிவு தொடங்கும் முன்னால், முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைப் போட்டு, எண்ணிக் காட்டி, பிறகு அழிக்கிறோம். மாதிரி வாக்குப்பதிவு என்பது தேர்தல் ஆணையமே வகுத்த நடைமுறை. பள்ளிகளில் தேர்தல் கல்வி மன்றங்கள் வேண்டும் என்று 2018இல் தொடங்கிவைத்ததும் அதே ஆணையம்தான். ஆணையம் நடத்தச் சொல்வதை ஓர் ஆசிரியை நடத்தினால் அது எப்படிக் குற்றமாகும்?

தேர்தல் வைத்தால் பள்ளிக்குள் சாதி வந்துவிடும் என்பவர்களின் அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அது மெய்யான அச்சம். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். தங்கள் சாதியைக் காட்டப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வரும் வண்ணக் கயிறுகளைப் பற்றி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியர்கள் ஓய்வறையில் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கயிறுகளை எந்தப் பள்ளித் தேர்தலும் கட்டிவிடவில்லை. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தவை அவை. வேறு தெருப் பிள்ளையிடம் போய், "குடிநீர்த் தொட்டியை நான் சரிசெய்ய வைப்பேன், எனக்கு வாக்களி" என்று கேட்க வேண்டிய நிலைமை வந்தால்தான் அந்தப் பிள்ளையோடு பேசவே வழி பிறக்கும். வாக்குகள் தெருவாரியாகப் பிரிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம்; அதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டி ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்க வகுப்பறையை விட நல்ல இடம் உண்டா? படிப்பு கெட்டுவிடும் என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆண்டு விழா நடன ஒத்திகைக்கு வாரக்கணக்கில் வகுப்புகளை விட்டுத் தருகிறோம்.

குடவோலை முறையைப் பற்றிப் பெருமையாகப் பேசாத மேடை இல்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் கல்வெட்டில் குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன்; உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாதவன் என்பதற்காகவே அவனை அழைத்தார்கள். வாரிய உறுப்பினராவதற்கு முப்பத்தைந்து வயதும், சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டியிருந்த காலம் அது. அன்றைக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைக்கும் நம் பிள்ளை ஒன்றும் அறியாமலே ஓலையை எடுத்துப் போட வேண்டும் என்று நினைக்கலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறாவயலில் ஆசிரமம் நடத்திய, பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவாவை 1927இல் காந்தியடிகளே நேரில் வந்து சந்தித்தார். அப்போது ஜீவாவுக்கு வயது இருபது. இந்த மண்ணில் இருந்துகொண்டு, பதினாறு வயதுப் பிள்ளைக்கு அரசியல் எதற்கு என்று எப்படிக் கேட்க முடிகிறது?

நம் ஊரில் கணக்கில் பெயர் சேர்ப்பது யாருக்கும் புதிதில்லை. நகரத்தார் வீடுகளில் திருமணம் முடிந்தால் கோயில் கணக்கில் புள்ளி சேர்ப்பதை, அதாவது புதுக் குடும்பமாகப் பதிவதை, தள்ளிப்போட மாட்டார்கள். அந்த அக்கறை வாக்காளர் பட்டியலில் மட்டும் ஏன் இல்லை? 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்துவைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எது தகுதி நாளோ அன்றைக்குள் 18 நிறைந்தால் பெயர் சேர்க்கப்படும். 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. எனக்குத் தெரிந்த பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோரிடம் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. படித்து முடித்தவுடன் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இங்கே அதிகம். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குப் படிவம் 6ஏ என்று தனியாக ஒன்று உண்டு என்பதையும், வாக்களிக்க நேரில்தான் வர வேண்டும் என்பதையும் அவர்களுக்கு யார் சொல்வது?

"ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லையா, பிள்ளைகளையாவது கெடுக்காமல் இருங்கள்" என்று என் முந்தைய பதிவின் கீழ் எழுதிய அன்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் எனக்கு வலித்தது. பிள்ளைகளைக் கெடுப்பது யார்? தேர்தலுக்கு முந்தைய இரவில் கதவைத் தட்டி, "இந்த வீட்டில் எத்தனை ஓட்டு?" என்று கேட்டு உறை கொடுத்துவிட்டுப் போவதைப் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பணம் கொடுப்பது மட்டுமன்றி வாங்குவதும் குற்றம் என்று அவர்களிடம் நாம் சொல்வதில்லை. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்த நேர்ந்தது. நாடு முழுவதும் நம்மைப் பார்த்தது. அதைச் செய்தவர்களில் ஒருவரும் பள்ளியில் அட்டைப்பெட்டி வைத்துச் சீட்டுப் போட்டதால் கெட்டுப்போனவர்கள் இல்லை. வீட்டில் நடக்கும் அந்தப் பாடத்துக்கு எந்தப் பெற்றோரிடமும் யாரும் விளக்கக் கடிதம் கேட்டதில்லை. குடிநீர்த் தொட்டிக்காகப் பிள்ளைகளைப் பேச வைத்த ஆசிரியையிடம் மட்டும் கேட்கிறார்கள்.

அவர் என்னிடம் படித்தவர். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது என்று சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். நிர்வாகத்திடம் நான் கேட்பது இவ்வளவுதான். அவர் எழுதித் தந்த கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதே வேட்பாளர்களை வைத்துத் தேர்தலை மறுபடி நடத்துங்கள். பெற்றோர்கள் சந்தேகப்பட்டால் அவர்களில் இருவரை முகவர்களாக உட்கார வையுங்கள், அவர்கள் முன்னிலையில் சீட்டுகளை எண்ணுங்கள். அன்றைக்கே பன்னிரண்டாம் வகுப்பில் 17 வயது நிறைந்தவர்களுக்குப் படிவம் 6ஐக் கொடுத்து, நிரப்பி வாங்கி, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் சேர்த்துவிடுங்கள். நிரப்பித் தர ஆள் இல்லையென்றால் என்னை அழையுங்கள், நான் வருகிறேன்.