சொந்த வீடுன்னு நிரூபிக்க எத்தனை காகிதம்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்புக்கு (காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பம் எடுத்து வீட்டைச் சூடாக்குற மின்கருவி) 7,500 பவுண்டு அரசு மானியம். பில்டர் கட்டி விற்கிற புது வீட்டுக்குக் கிடையாது, சொந்தமா கட்டினா உண்டு. ஆனா அந்த ‘சொந்தமா’வை நிரூபிக்கிறதுக்குள்ள உயிர் போகுது!

முதல் உரிமையாளர் தனிநபரா இருக்கணும். பெரும்பாலும் அவர் உழைப்பிலோ பணத்திலோ கட்டியிருக்கணும். வீடு ஒருநாள்கூட எந்த நிறுவனத்தின் பேரிலும் இருந்திருக்கக் கூடாது. கணக்கு வழக்குக்கு வசதின்னு தன் சொந்தக் கம்பெனி பேரிலேயே வீட்டை எழுப்பினவர் கதி? அவ்வளவும் போச்சு. செங்கல் சுமந்தது அதே ஆள்தானே?

விண்ணப்பத்தை வீட்டுக்காரர் போட முடியாது, எம்சிஎஸ்ங்கிற தரச் சான்று பெற்ற, பம்பை மாட்டுற நிறுவனம்தான் ஆஃப்ஜெமுக்கு (மானியத்தை நிர்வகிக்கிற எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு) போடணும். கூரையைத் தன் கையால வேய்ந்தவர் ஹீட் பம்பைத் தானே மாட்டினா ஒரு பைசா வராது. சொந்தமா கட்டின இந்த வீடுகள்ல பயோமாஸ் பாய்லர் (மரக்கட்டை மாதிரி தாவர எரிபொருளை எரிக்கிறது) வைச்சாலும் மானியம் இல்லை.

எல்லாத்துக்கும் மேல வவுச்சர் கெடு, அதாவது மானியத்துக்குத் தர்ற ஒப்புதல் சீட்டு செல்லுபடியாகிற காலம். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கிற பம்புக்கு 3 மாசம், நிலத்திலிருந்து எடுக்கிறதுக்கு 6 மாசம். வீடு கட்டுற வேலை என்னைக்கு நாள்காட்டிப்படி நடந்திருக்கு? தரைக்குள்ள வெந்நீர்க் குழாய் பதிச்சு மேல போட்ட ஸ்க்ரீட் (சிமெண்ட் பூச்சு) காயணும், மின் இணைப்பு வரணும். மின்சாரமே வராம பம்பை எப்படி ஓட்டிக் காட்டுறது? கெடு தாண்டினா மறுபடி முதல்லேருந்து விண்ணப்பம். அதுக்குள்ள குளிர்காலம் வந்துடுது!