ஒட்டகச்சிவிங்கியும் காதுகுத்தும்

வெள்ளிக்கிழமை ஒரு பள்ளி விழாவில், பேச வந்தவர் பிள்ளைகளிடம் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிச் சொன்னதுதான் விஷயம். எந்தப் பள்ளி, யார் பேசினார் என்று எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.

"எட்டி எட்டித் தின்றதால் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது. முயன்றால் உங்களாலும் முடியும்!" ஒரே கைதட்டல். "ஐயா, அது அப்படியில்லை" என்று எழுந்தேன். "நேரமாச்சு சார்" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். அப்புறம் பொன்னாடை போர்த்தவே இருபது நிமிடம் ஆனது. அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

ஆசைப்பட்டு எந்த விலங்கும் மாறுவதில்லை. கடலூரில் எத்தனை தலைமுறையாக மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறோம்? ஒரு குழந்தையாவது ஓட்டையோடு பிறந்ததா?

1977-ல் பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான டாப்னி மேஜரில் கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்து, கெட்டி விதைகளே மிஞ்சின. எந்தக் குருவியும் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. பிறவியிலேயே தடித்த அலகு வாய்த்தவை உடைத்துத் தின்று பிழைத்தன, மற்றவற்றில் பெரும்பாலானவை செத்தன. அடுத்த தலைமுறைக்கு அலகு தடிப்பாகவே இருந்தது. அங்கே குருவிகளை ஆராய்ந்த பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் என்ற விஞ்ஞானத் தம்பதி அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

"அப்போ சூழல் உடம்பை மாற்றாதா?" மாற்றும். யார் இல்லை என்றது? நம் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, குளிர்ந்திருந்தால் ஆண். அதை முட்டைக்குள் இருக்கும் குஞ்சு முயன்றா சாதித்தது?

"பழக்கினால் நாய் கை கொடுக்கிறதே?" கொடுக்கும். அதன் குட்டிக்கு நீங்கள்தான் மறுபடி பழக்க வேண்டும்.

"பிள்ளைகளை உற்சாகப்படுத்தத்தானே சொன்னார், இதைப் போய்ப் பெரிசாக்கணுமா?" சரி, நான்தான் சின்ன மனுஷன். முப்பத்தோரு வருஷம் விலங்கியல் நடத்தியவன், சொந்தக் காசில் பிள்ளைகளைப் பிச்சாவரம் கூட்டிப்போனவன். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்க, அதைச் சேற்றில் ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒருவகை ஆண் நண்டைப் படகிலிருந்து காட்டுவேன். அந்தப் பெரிய கொடுக்கால் ஒரு வாய்கூடத் தின்ன முடியாது, சின்னதால்தான் சேற்றை அள்ளும். பெரியது சண்டைக்கும், பெண்ணைக் கூப்பிடவும். சண்டையில் அது ஒடிந்துபோன நண்டுக்குப் பிறக்கும் ஆணுக்கும் பெரிய கொடுக்கு வரத்தான் செய்யும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அது கூடக் கொடுக்கவில்லை.

வண்டியை எடுக்கப் போனபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். "சார், கழுத்து குட்டையா இருந்த ஒட்டகச்சிவிங்கியெல்லாம் என்ன ஆச்சு?"

அவள் அப்பா வெளியே ஹாரன் அடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.