சாப்பிடும்போதாவது விடுங்கள்

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். குடோன் கதவில் ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. நேற்று மூன்று மணிக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஒரு அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “நல்ல டிசைன் எல்லாம் இங்கேதானே பதுக்குறீங்க?” என்று பண்டலைப் பிரித்தார். பார்கோடு ஒட்டாத சரக்கு அது, பில்லே போட முடியாது. ஒரு சேலை குறைந்தாலும் எங்களைத்தான் கேட்பார்கள். சொன்னேன், காதில் வாங்கவில்லை.

கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டமே திருத்தினார்கள். நாள் முழுக்க நின்ற காலைப் பத்து நிமிடம் நீட்ட எங்களுக்கு அந்த அறைதான் இருக்கிறது. என்ன வேண்டுமென்று வெளியே நின்று கேளுங்கள், எடுத்து வந்து காட்டுகிறோம். பாதித் தயிர்சாதத்தோடு எழுந்து கை கழுவினேன்.