கலைந்து சென்றனர், அப்புறம்?

எங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தை ஒரு வாரம் விடாமல் படித்துப் பாருங்கள். காலிக் குடங்களுடன் பெண்கள் சாலை மறியல் என்று ஒரு செய்தி எப்படியும் இருக்கும். எந்த ஊராக இருந்தாலும் முடிகிற விதம் ஒன்றுதான்: "அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தினர். இதையடுத்து அனைவரும் கலைந்து சென்றனர். இதனால் அப்பகுதியில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது." தண்ணீர் வந்ததா? அது தெரியாது. பஸ் கிளம்பிவிட்டது, செய்தியும் முடிந்தது.

ஊடகமெல்லாம் கட்சிக்காரன் கையில் என்று திட்டுகிறோம். சரி, திட்டுவோம். ஆனால் ஜனங்கள் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதுகிற இந்தப் பழக்கம் அதைவிடக் கெடுதல் என்பேன்.

ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரே தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அடிக்க வேண்டி வந்தது, வாக்குப்பதிவே தள்ளிப்போனது. தேர்தலுக்குத் தேர்தல் இது 'சுவாரசியத் தகவல்' பெட்டிக்குள் வந்துவிடும். நம் குறையை யாரும் காதில் வாங்கவில்லையே என்று விவசாயிகள் கூட்டமாகப் போய் மனுத்தாக்கல் செய்தது பெட்டியில் பாதி வரி. என்ன குறை என்பதற்கு அந்தப் பாதி வரிகூடக் கிடையாது. அரசாங்கம் மட்டும் சுதாரித்துக்கொண்டது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். சுயேச்சையாக நிற்கப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் வைத்தார்கள். விவசாயி கேட்டது என்ன ஆனது என்று எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

2025 ஜனவரியில் ஈரோடு கிழக்கில் இரண்டு வருடத்துக்குள் இரண்டாவது இடைத்தேர்தலை அறிவித்தார்கள். யார் நிற்கிறார்கள், யார் ஒதுங்குகிறார்கள், வித்தியாசம் எத்தனை ஆயிரம் என்று ஒரே பேச்சு. அதே ஜனவரி 5-ஆம் தேதி நம் கிராம ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தெருவிளக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பதில் சொல்ல, நாம் ஓட்டுப் போட்ட ஊராட்சி ஆள் ஒருவர்கூட இல்லாமல் போனது. அது உள்பக்கச் செய்தி. அந்தச் சமயத்தில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு டெல்லிக் கூட்டணிக் கணக்கைச் சீட்டு வாரியாகச் சொன்னவரிடம், ஊராட்சியில் இப்போது கையெழுத்துப் போடுவது யாருங்க என்று கேட்டேன். "பி.டி.ஓ.ன்னு நெனைக்கறனுங்க" என்று வட்டார வளர்ச்சி அலுவலரைச் சொன்னார். அவரை என்ன சொல்வது? ராத்திரி எட்டு மணி விவாதத்தில் இதைப் பற்றி யார் பேசினார்கள்?

ஏரியா நிருபர் ஒருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். மறியல் நடந்த ஊருக்குப் பத்து நாள் கழித்து ஒரு நடை போய் எழுதக்கூடாதா?

"எழுதலாமுங்கண்ணா, போடோணுமல்லங்க. குழாயில தண்ணி வர்றதெல்லாம் போட்டோவுங்களா?"

அவருக்கு வரிக்கு இவ்வளவு என்றுதான் காசு. தீபாவளி மலருக்கு விளம்பரமும் அவரே பிடித்துத் தர வேண்டும். அதில் பாதி, இவர் கேள்வி கேட்க வேண்டிய ஆட்களிடம்தான்.

போட்டோ வேண்டாமுங்க. குழாய் பதித்தார்களா, என்ன செலவு, யார் ஒப்பந்தக்காரர் என்று நாலு வரி போதும். விளம்பரம் வராத நாளாகப் பார்த்தே போடுங்கள்.