அந்த விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து இல்லையாம்

மூன்று நாளாக எல்லோர் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பற்றித்தான். நான் எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அதன் கீழே வந்திருந்த பின்னூட்டங்களைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

அப்பா இறந்துவிட்டார், தேர்வுக் கட்டணம் கட்ட வழியில்லை என்று, தான் படிக்கும் இடத்திலுள்ள அவசர நிதிக்கு எழுதிப்போட்ட பெண்ணுக்கு 19 நாள் கழித்துப் பதில் வருகிறது. தந்தையின் கையொப்பம் இல்லாததால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறதாம். இறப்புச் சான்றிதழ் அந்த விண்ணப்பத்தோடேயே இணைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தைப் புரட்டக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

"ஏதோ ஒரு எழுத்தர் கவனிக்காமல் விட்டுவிட்டார், இதைப் போய்ப் பெரிதாக்க வேண்டுமா" என்கிறார்கள். எழுத்தரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையொப்பம் சரியாக இருந்திருந்தாலும் அந்த 19 நாள் போனதுதானே? அவசரம் என்று பெயர் வைத்த பணம் நேரத்துக்குக் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் அது உதவி ஆகாது. இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உனக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: இதேபோன்ற அவசர நிதி ஒன்றின் விண்ணப்பங்களைப் பார்த்து முடிவுசெய்யும் குழுவில் இரண்டு ஆண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன். எங்கள் குழு மாதத்துக்கு ஒருமுறை கூடும். விண்ணப்பப் படிவத்தில் "இச்சூழ்நிலை ஏற்பட்டதற்கான காரணத்தை விளக்குக" என்று போட்டு நான்கு கோடு விட்டிருப்போம். ஒரு பையனின் படிவம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் அப்பா ஒருவர்தான், அவர் விபத்தில் படுத்துவிட்டார். நான்கு கோடும் தீர்ந்து, எழுத்து வலப்பக்க ஓரத்தில் திரும்பி, மேலே ஏறி, கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அதற்குள்ளும் "தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தான்.

குழு கூடியபோது அவன் விண்ணப்பித்து 23 நாள் ஆகியிருந்தது. பணத்தை ஒப்புதல் செய்தோம், எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு எழுந்தோம். அவன் அதற்குப் பத்து நாள் முன்பே விடுதியைக் காலி செய்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். நான் மனம் கேட்காமல் புலம்பியபோது உடனிருந்த அலுவலர் சொன்னார்: "நாம நிராகரிக்கவே இல்லையே மேடம், அவர்தான் வந்து வாங்கிக்கல."

கணக்குப்படி அவர் சொன்னது உண்மை. ஆண்டு முடிவில் நிதியில் பணம் மீதம் இருந்தது. சிக்கனமாக நிர்வகித்தோம் என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள். அதற்கு நானும் தலையாட்டினேன்.

"சான்றிதழ் கேட்காமல் கொடுத்தால் ஏமாற்றமாட்டார்களா?" ஏமாற்றுவார்கள், சிலர். ஆனால் கேட்பது ஒரு தேர்வுக் கட்டணம், ஒரு மாத வாடகை. அவன் அந்த நிறுவனத்தின் மாணவன் என்பது தெரியும், வருகைப் பதிவு இருக்கிறது, கட்டண நிலுவை உங்கள் கணினியிலேயே இருக்கிறது. முதலில் கொடுங்கள், தாள்களைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். பொய் என்று தெரிந்தால் அப்போது நடவடிக்கை எடுங்கள். ஒருவன் ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காக ஒன்பது பேரை வாசலில் நிற்கவைப்பதை எச்சரிக்கை என்று என்னால் சொல்ல முடியாது.

நடக்காத காரியம் ஒன்றும் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல் இதைச் செய்கிறது. சிறிய நிலுவைத் தொகைக்காகப் பெயர் நீக்கப்படும் நிலையில் இருக்கும் மாணவர்களை அவர்களே தங்கள் கணக்கிலிருந்து கண்டுபிடித்து, விண்ணப்பம் வரும்வரை காத்திருக்காமல் அந்தப் பாக்கியை வரவு வைத்துவிடுகிறார்கள். கொரோனா வந்த 2020-இல் அந்த நாட்டு நிவாரணச் சட்டம், பல்கலைக்கழகங்களுக்கு நேராகப் பிரித்துக்கொடுத்த பணத்தில் குறைந்தது பாதியை அவசர உதவியாக மாணவர் கையில் கொடுத்தாக வேண்டும் என்றே எழுதிவைத்தது. அங்கும் குளறுபடிகள் இருந்தன, தெரியும். ஆனாலும் பணம் போய்ச்சேர வேண்டிய இடம் எது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இன்னொன்று. 2013-இல் பொருளாதார ஆய்வாளர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரியான சிந்தனைச் சோதனைகளை வைத்துப் பார்த்தார்கள். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்கள் கணிசமாகத் தடுமாறினார்கள். பணமுடை மனதின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. அப்படித் தவிக்கிற ஒருவரிடம்தான் நாம் ஏழு ஆவணம், மூன்று கையெழுத்து, இரண்டு நகல் என்று பட்டியல் நீட்டுகிறோம். ஒன்று விட்டுப்போனால் "பொறுப்பில்லாத பிள்ளை" என்கிறோம்.

கடனாகக் கொடுக்கலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இனாமாக வாங்கக் கூசுகிறவர்களுக்கு வட்டியில்லாக் கடன் இருக்கட்டும். அதுவும் நேரத்துக்கு வரட்டும்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பின்னூட்டத்துக்கு வருகிறேன். "கையில் வைத்திருக்கும் போனை விற்றாலே கட்டணம் கட்டியிருக்கலாம்." இதற்கு எத்தனை விருப்பக்குறி தெரியுமா? எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் மூன்று பேர் அதில் இருக்கிறார்கள். வகுப்புக் குறிப்பு போனில் வருகிறது, ஹால் டிக்கெட் போனில் வருகிறது, அந்த நிராகரிப்புக் கடிதமே போனில்தான் வந்தது. அதை விற்றுவிட்டு அவள் எதை வைத்துப் படிப்பாள்? உதவி கேட்பவர் கிழிந்த துணியோடு, கண்ணீரோடு, நாம் மனதில் வரைந்து வைத்திருக்கும் ஏழை மாதிரியே வந்து நிற்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? அப்பா இறந்த பெண் அவள். போன மாதம்வரை அவளுக்கு ஒரு அப்பா இருந்தார், ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தார். அவ்வளவுதான்.

மாணவர்களைப் பற்றியாவது பேசுகிறோம். அங்கேயே வேலை செய்பவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? எங்கள் அலுவலகத்தில் தற்காலிகப் பணியில் ஒரு அக்கா இருந்தார். குழு கூடும் நாளில் விண்ணப்பக் கோப்புகளை அடுக்கிக் கொண்டுவந்து வைப்பவர் அவர்தான். அவர் மகனுக்கு அறுவை சிகிச்சை என்று வந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார், "இந்த நிதி எங்களுக்கெல்லாம் உண்டாம்மா?" விதியை எடுத்துப் பார்த்தேன். பணியாளர் உதவி நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும். சம்பளம் தாமதமாக வரும், முன்பணம் கிடையாது, விடுப்பு எடுத்தால் ஊதியம் பிடிப்பார்கள் என்ற நிலையில் இருப்பவருக்கு நிதி இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் விழும் எனக்கு உண்டு.

நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் சேமித்து வைத்திருக்கலாமே அக்கா" என்றேன். சொன்னது நான்தான். அவர் பதில் பேசாமல் கோப்புகளை எடுத்துக்கொண்டு போனார். கடன் செயலியில் வாங்கிச் சமாளித்தார் என்று பிறகு தெரியவந்தது. அடுத்த ஆறு மாதம் அவர் போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போவார். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருப்பார்.

அந்தப் போன் பின்னூட்டத்தைப் படித்ததும் என் குரலே எனக்குக் கேட்டது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

"எல்லோருக்கும் கொடுக்கப் பணம் எங்கே?" என்று கேட்பீர்கள். மீதம் வைத்து மூடிய அந்த ஆண்டுக் கணக்கை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள்.

கடிதத்தில் இருக்கும் தேதிப்படி தேர்வுக் கட்டணம் கட்ட இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் யாராவது என் நட்புப் பட்டியலில் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். அவளிடம் சான்றிதழ் எதுவும் கேட்க வேண்டாம், கணக்கு எண் மட்டும் போதும். அவள் போனைப் பற்றிப் பேச வருபவர்களின் பின்னூட்டத்தை இங்கே நீக்கிவிடுவேன்.