எலும்பை எடுப்பதற்கு முன்னால்

எங்காவது மனித எலும்பு கிடைத்ததாகச் செய்தி வந்தால், கூடவே ‘டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது’ என்ற வரியும் வந்துவிடும். இனி எல்லாம் ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என்று நாமும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால், பாதி வழக்கு அதற்கு முன்பே, தோண்டிய விதத்திலேயே தீர்ந்துபோயிருக்கும்.

உறவினர் மாதிரி கிடைத்தால், இறந்தவர் யார் என்று டிஎன்ஏ சொல்லும். குழியை வெட்டியது மண்வெட்டியா இயந்திரமா, பிறகு யாராவது திறந்தார்களா என்பதை மண்ணிடம்தான் கேட்க வேண்டும். தோண்டி மூடிய மண்ணின் நிறமும் இறுக்கமும் சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டுவதில்லை. அந்த விளிம்பைப் பார்க்கப் பழகிய கண் தொல்லியலாளருடையது. புல்டோசர் ஓட்டுபவருக்கு அது தெரியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அர்ஜென்டினாவில் 1983-இல் ராணுவ ஆட்சி முடிந்ததும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிக் கல்லறைகளை இயந்திரத்தால் கிளறினார்கள். எலும்புகள் நொறுங்கின, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்தது. 1984-இல் அங்கு போன அமெரிக்க மானுடவியலாளர் கிளைட் ஸ்னோதான் தொல்லியல் முறைப்படி தோண்டக் கற்றுக்கொடுத்தார். கற்க முன்வந்தவர்கள் மாணவர்கள். (பெரியவர்கள் தயங்கினார்கள், வழக்கம்தானே.) அவர்கள் அமைத்த குழு பிறகு பல நாடுகளுக்குப் போய் வேலை செய்தது.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்காவில் 1995 ஜூலையில் கொல்லப்பட்டவர்கள் 8,000 பேருக்கு மேல். சில மாதங்களில் கொலையாளிகளே புதைகுழிகளை இயந்திரத்தால் தோண்டி, உடல்களை வேறு இடங்களில் கொட்டினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடைத்தன. அவற்றை ஒருவருடையவை என்று சேர்த்தது டிஎன்ஏ. எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்குப் போயின என்பதற்கு மண், மகரந்தம், தோட்டா உறைகள், கண்ணைக் கட்டிய துணிகள் எல்லாம் சாட்சி சொல்லின. தடயத்தை மறைக்கச் செய்த வேலையே தடயமாகிவிட்டது.

இன்னொரு எரிச்சலும் உண்டு. அறிக்கையில் ‘வயது 30 முதல் 45’ என்று இருந்தால், இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். வளர்ந்தவர்களின் எலும்பு அவ்வளவுதான் சொல்லும். குழந்தை என்றால் பல் வளர்ச்சியை வைத்து இன்னும் நெருங்கலாம். ஆனால் அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று எலும்பைப் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். ‘வயது 37’ என்று அடித்துச் சொல்கிற அறிக்கையைத்தான் நான் சந்தேகிப்பேன்.

கட்டுமான இடத்தில் எலும்பு தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்துங்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள். எலும்பை வெளியே எடுத்து வரிசையாக அடுக்கிப் படம்பிடிக்க வேண்டாம். அதுவரை அள்ளிப்போட்ட மண்ணையும் லாரியில் ஏற்றிவிடாதீர்கள். சின்ன எலும்பும் பல்லும் அதைச் சலித்தால்தான் கிடைக்கும்.