சிரிப்பு எல்மரைப் பார்த்துத்தான்
கார்ட்டூனில் ஆண் பாத்திரம் பெண் வேடம் போட்டாலே அது பெண்களைக் கேலி செய்வதுதான் என்று இங்கே வந்த கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சக் ஜோன்ஸ் இயக்கத்தில் 1957இல் வந்த 'வாட்ஸ் ஆபரா, டாக்?' கார்ட்டூன் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்ஸ் பன்னி என்ற முயல் பெண் வேடத்தில், பொன்னிறச் சடையும் தலைக்கவசமுமாகக் கொழுத்த குதிரையில் வருகிறது. அதுவரை ஈட்டியோடு அதைத் துரத்திய வேட்டைக்காரர் எல்மர் அப்படியே உருகிப்போகிறார். கவசம் கழன்று விழுந்து காதுகள் தெரிந்த பிறகுதான் அவருக்கு உண்மை உறைக்கிறது. என் ஏழு வயது மகளோ அதற்கு வெகு முன்பே எழுந்து நின்று, திரையைத் தொட்டு, "மாமா, அது முயல்!" என்று கத்தினாள். அவள் சிரித்தது வேடத்தைப் பார்த்து அல்ல, கண்ணெதிரே நிற்பதைக் காணாத வேட்டைக்காரரைப் பார்த்து. பெண் உடையையே அசிங்கமாகக் காட்டும் படங்களும் உண்டு. அவற்றை நான் அவளுக்குப் போட்டுக் காட்டுவதில்லை.